புதே சுமினியின் ஐஸ் பெட்டி

என் கணவர் பம்புடி கெட்டிக்காரர். அதைக் காட்டுவதற்கு நாள் பார்ப்பதில்தான் கோளாறு. பக்ரீத் மதியம் மசூதியிலிருந்து எங்கள் பங்குக் கறி வந்தது, அவர் அண்ணன் வீட்டிலிருந்தும் வந்தது. அறுத்த சூடு ஆறாத கறியை அப்படியே ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் திணித்துவிட்டார். அன்றைக்கு எங்கள் செமாராங் ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

ஆனால் எங்கள் பெட்டியில் என் தாய்ப்பால் இருந்தது. திங்கட்கிழமை நான் தையல் ஆலைக்குத் திரும்ப வேண்டும். குழந்தை காலிஹுக்குப் பால்மாவு ஒத்துக்கொள்ளாது, குடித்தால் வாந்திதான். அதனால் பீய்ச்சிப் பீய்ச்சிச் சின்னப் பைகளில் உறைய வைத்திருந்தேன்.

சாயங்காலம் திறந்து பார்த்தால் பைகளின் ஓரமெல்லாம் இளகிக் கிடந்தது.

"என்னங்க, இந்தக் குளிர்த் திருகைத் தொட்டீங்களா?"

"ஆமா. அஞ்சுல இருந்துச்சு, நல்லா உறையட்டும்னு ஒண்ணுல வச்சேன். ஏசியில நம்பர் குறைஞ்சாத்தானே குளிரு?"

"ஏசியிலயே பொறந்து வளர்ந்தவரு! இதுல நம்பர் ஏறினாத்தான்யா குளிரு!"

திருகை ஏழுக்குத் திருப்பினேன். இத்தனை சூட்டுக் கறியை வைத்துக்கொண்டு அது எப்போது குளிர்வது? எனக்கு அழுகை வந்துவிட்டது. பைகளை ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

பக்கத்து வீட்டுச் சுமினி ஐஸ் விற்பவர். 'புதே', அதாவது பெரியம்மா, என்றுதான் தெருவே கூப்பிடும். சாக்கடைத் தண்ணீருக்காக அவரோடு போட்ட சண்டைக்குப் பிறகு நான் மட்டும் எந்த முறை சொல்லியும் கூப்பிடுவதில்லை. அவருடைய பெரிய பெட்டியும் நிரம்பி வழிந்தது: பாதி ஐஸ், பாதி கறி.

புதே ஒரு பையை அமுக்கிப் பார்த்தார்.

"நடுவுல இன்னும் கல்லாத்தான் இருக்கு. ஒண்ணும் கெடல, அழாத." சொல்லிக்கொண்டே தன் கறியை எடுத்து வெளியே போட ஆரம்பித்தார்.

"ஐயோ, அது யாத்னோவுக்கு எடுத்து வச்சதாச்சே!" என்றேன். கடல் தாண்டிக் கலிமந்தானில் வேலை பார்க்கும் அவர் மகன் அடுத்த வாரம் வருவதாக இருந்தது. ரெண்டு வருஷமாக அவன் பெருநாள் கறி கண்டதில்லை.

"கறிய இன்னைக்கே ஆக்கித் தின்னுடலாம். உன் பால என்ன, குழம்பா வைக்க முடியும்? உன் வீட்டுக் கறியையும் தூக்கிட்டு வரச் சொல்லு. அந்த விஞ்ஞானியே வெங்காயம் உரிக்கட்டும்."

விஞ்ஞானி கண்ணீர் வழிய உரித்தார். அன்று தெருவே தின்றது.

திங்கட்கிழமை குழந்தையைப் புதேயிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். காலிஹ் என் பாலையே குடித்தான், புதேயின் மடியில் கிடந்து.

யாத்னோ வந்த அன்று மாலை குழந்தையை வாங்கப் போனேன். அவன் தட்டில் முட்டை இருந்தது.

"ஏம்மா, என் பங்குக் கறி எங்க?"

புதே காலிஹைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தா, இவன் குடிச்சுட்டான்."

யாத்னோ சிரித்தான். சண்டைக்குப் பிறகு முதல் முறையாக 'புதே' என்று கூப்பிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.