டெக்சஸ் கேக்

எங்கள் திருச்சபையில் யாராவது கலிபோர்னியாவை விட்டுக் கிளம்பினால் கேக் நான்தான் செய்ய வேண்டும். போகிற மாநிலத்தின் வடிவத்தில் வெட்டிக் கொடுப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. டென்னசி சுலபம், கொஞ்சம் சரிந்த செங்கல் அவ்வளவுதான். ஐடஹோவுக்கு மேலே குச்சி மாதிரி ஒரு நீட்டம் உண்டு, தூக்கும்போது ஒடிந்து தொலையும். டெக்சஸ்தான் உயிரை வாங்கும். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகிற அளவுக்குக் கை பழகிவிட்டது, அத்தனை பேர் போயிருக்கிறார்கள். வெட்டிப்போட்ட ஓரத் துண்டெல்லாம் என் மகன் வெஸ்லிக்கு. வயது இருபத்தாறு, பிறந்ததிலிருந்து கைகால் அவன் சொன்னபடி கேட்பதில்லை. ஊட்டித்தான் விட வேண்டும். கேக் என்றால் மட்டும் வாயைத் திறந்தபடி காத்திருப்பான், திருட்டுப் பயல்.

சனிக்கிழமை போதகரின் மனைவி போன் செய்தாள்.

"லோர்னா, நாளைக்கு ஒரு டெக்சஸ் வேணும்."

"இந்த வாட்டி யாரு?"

"நாளைக்குத் தெரியும்" என்று சட்டென்று வைத்துவிட்டாள். எனக்கென்ன வந்தது என்று மாவைக் கரைத்தேன்.

ஞாயிறு ஆராதனை முடிவில், கிளம்புகிறவர்கள் முன்னால் வரலாம் என்றார் போதகர். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை க்வென் எழுந்தாள். பாத்ரூம் போகிறாளாக்கும் என்று காலை மடக்கி வழிவிட்டேன். பின்னாலேயே அவள் புருஷன் கர்ட்டிஸும் எழுந்தபோதுதான் அந்த டெக்சஸ் யாருக்கென்று எனக்குப் புரிந்தது.

சபை முழுவதும் போய் அவர்கள் தோளில் கை வைத்து ஜெபித்தது. நானும் வைத்தேன். வைக்காமல் என்ன செய்ய? க்வென் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். என் புருஷன் காலமான பிறகு தினமும் சாயங்காலம் வந்து, வெஸ்லியைச் சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு என்னோடு சேர்ந்து தூக்குகிறவள் அவள்தான். தூக்குகிற இயந்திரத்தைக் கண்டால் அவன் அலறுவான். சித்தி "ஒன்னு, ரெண்டு" சொல்ல வேண்டும், "மூணு" அவன் சொல்லுவான். என் இடுப்பு தனியாக அவனைத் தாங்காது.

சபைச் சாப்பாட்டு நேரத்தில் க்வென் சமையலறைப் பக்கம் மறைந்துவிட்டாள். கர்ட்டிஸ்தான் தட்டோடு வந்தான்.

"உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரல அண்ணி. இங்க எங்களால ஒரு வீடு வாங்க முடியுமா, சொல்லுங்க? வரியக் கட்டியே சாகுறோம். போடுற ஓட்டும் குப்பைக்குத்தான் போவுது. அங்க நம்ம கட்சி ஆளுங்க ஆட்சி. நீங்களும் கிளம்பி வந்துடுங்களேன்."

"வெஸ்லிக்கு அங்க என்ன கிடைக்கும்?"

அவன் தட்டிலிருந்த கேக்கைக் கரண்டியால் வெட்டினான். அங்கே விசாரித்தாயிற்று, அவனுக்கும் தெரியும். வெஸ்லி மாதிரிப் பிள்ளைகளுக்கான அரசாங்க உதவிக்குப் பெயரைக் கொடுத்துவிட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டுமாம். இங்கே மகனைப் பார்த்துக்கொள்ள அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது. எந்த வரியைத் திட்டிக்கொண்டு கர்ட்டிஸ் கிளம்புகிறானோ, அதிலிருந்துதான் வருகிறது. இத்தனைக்கும் அவன் ஓட்டுப் போடுகிற கட்சிக்குத்தான் நானும் போடுகிறேன். யாரைப் போய்த் திட்டுவேன்? அவனும் கெட்டவன் இல்லை, பாவம்.

"கேக் நல்லா வந்திருக்கு அண்ணி" என்றான்.

சாயங்காலம் க்வென் வழக்கம்போல வந்தாள். நான் வெஸ்லிக்கு ஓரத் துண்டுகளை ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஏதாவது திட்டேன்" என்றாள்.

"இவன் காலை நான் புடிக்கிறேன். நீ அக்குள்ல புடி."

குனிந்தோம். "ஒன்னு" என்றாள். "ரெண்டு" என்பதை மெல்ல இழுத்தாள்.

"மூணு!" என்று கத்தினான் வெஸ்லி, வாயெல்லாம் சாக்லேட்.

இரண்டு பேரும் தூக்கவில்லை. அவனைப் பிடித்தபடியே குனிந்து நின்றோம். அவன் என்னைப் பார்த்தான், அண்ணாந்து சித்தியைப் பார்த்தான். எங்களுக்குக் கேட்கவில்லை என்று நினைத்திருப்பான்.

"மூணு" என்றான் மறுபடியும்.