மொட்டைக் கடிதமும் மூன்று துளைகளும்

1

என் அறிக்கையிலிருந்து மேலதிகாரி ஒரு வரியை அடித்துவிட்டார்: 'தொட்டியின் சொந்தக்காரர் மண்ணைக் கையில் வாங்கி முகர்ந்தார், பிறகு குழாயடியில் நின்று நெடுநேரம் கை கழுவினார்.' மண் பரிசோதனை அறிக்கையில் இதற்கென்ன வேலை என்று கேட்டார். நியாயம்தான். அடிபட்ட அந்த வரிக்கு ஓர் இடம் தேடித்தான் இந்தக் கதையை எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: 'கோர்பா ஊரின் பேராசை பிடித்த பங்க் முதலாளி ஷாத்லி, தன் ...' (இத்தோடு விட்டேன். ஆளைப் பார்ப்பதற்கு முன் நான் நினைத்திருந்தது அது.) இரண்டாவது தொடக்கம் ஒரு மிளகாய்ச் செடி சொல்வதாக வரும். அதை உங்களுக்குக் காட்டப்போவதில்லை.

நடந்தது இதுதான். எங்கள் அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. 'ஷாத்லி பங்க்கில் பூமிக்கடியில் இருக்கும் பெட்ரோல் தொட்டி ஒழுகுகிறது. பக்கத்துத் தோட்டத்தில் லல்லா நஜியாவின் கிணறு. இருபத்தாறு வருஷமாகக் குடிக்கிற தண்ணீர். சீக்கிரம் வாருங்கள்.'

துளைக்கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

3

ஸி ஷாத்லி அறுபதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர். (அந்த ஊர் அரபியில் ஸி என்றால் ஐயா. லல்லா என்றால் அம்மா, ஆனால் கொஞ்சம் செல்லமாக.) நான் கருவியை இறக்குவதற்குள் தேநீரோடு வந்துவிட்டார்.

"தொட்டிக்குத் தெக்கால தோண்டு மகளே. சீக்கிரம் கிடைக்கும்."

"என்ன கிடைக்கும்?"

"அதான்... நீ தேடுறது."

(இப்படி ஒத்துழைக்கும் குற்றவாளியை நான் கற்பனை செய்திருந்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள். எனக்கே சந்தேகம் வந்தது.)

மிளகாய் பறித்துக்கொண்டிருந்த நஜியா மதிலுக்கு மேல் தலையை நீட்டினார்.

"என்ன ஸி ஷாத்லி, இந்த வயசுல புதையல் தேடுறீங்களா?"

"ஆமா லல்லா. கிடைச்சா பாதி உங்களுக்கு."

"வேணாம்ப்பா. உங்க புதையல் துருப்பிடிச்சுத்தான் இருக்கும்."

ஷாத்லி சிரிக்கவில்லை.

4

தொட்டியருகே இரண்டு மீட்டர் ஆழத்தில் பழுப்பு மணல் சாம்பல் பச்சையாக மாறியது. வாயு அளக்கும் கருவி வைத்துப் பார்க்கவே தேவையில்லை, நாற்றமே சொன்னது. (மேலதிகாரி அடித்த வரி இந்த இடத்தில் நடந்தது.) மதிலோரம் போட்ட இரண்டாவது துளையிலும் அதே நாற்றம்.

"மூணாவது அவங்க தோட்டத்துல போடணும்" என்றேன்.

"நானே சொல்றேன்" என்று மதிலருகே போனவர் பேசாமல் நின்றார்.

"என்ன, வாய்ல மிளகாய வச்சிருக்கீங்களா?" என்றார் நஜியா.

"தொட்டி ஒழுகுது லல்லா. ரெண்டு வாரமா அளவுகோல்ல குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. என் கண்ணுதான் சரியில்லன்னு நெனச்சு கண்ணாடியக்கூட மாத்துனேன். இனிமே கிணத்துத் தண்ணியத் தொடாதீங்க. யாரோ கடுதாசி எழுதிப் போட்டிருக்காங்க."

"யாரோவா? படி மகளே, கேப்போம்."

படித்தேன். படித்திருக்கக் கூடாது.

"இருபத்தாறு வருஷமா இந்தத் தண்ணியக் குடிக்கிறது ஊர்ல ரெண்டே பேரு. ஒண்ணு நான். எனக்கு எழுதத் தெரியாது."

ஷாத்லி தரையைப் பார்த்தார்.

"பங்க்க மூடிருவாங்களே, மனுஷா!"

"மூடட்டும்."

"மொதல்லயே எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"உங்க மூஞ்சியப் பாத்து சொல்ல வரல."

"நேத்துகூட ஒரு குடம் எடுத்துட்டுப் போனீங்களே?"

"நீங்க குடிக்கிறப்ப நான் மட்டும் எப்படி நிறுத்துறது?"

"அறிவிருக்கா உங்களுக்கு?" என்று கத்தினார் நஜியா. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்குத் தோட்டக் கதவைத் திறந்துவிட்டார்.

5

மூன்றாவது துளையில் மண் சுத்தமாக வந்தது. கிணற்று நீரும் சுத்தம். ஆனாலும் ஒரு வருஷத்துக்கு மாதாமாதம் சோதிக்க வேண்டும். பங்க்கை மூடினார்கள். தொட்டியைத் தோண்டியெடுத்து, கெட்ட மண்ணை லாரிகளில் அள்ளிப் போனார்கள்.

முடிவு? கல்யாணம் ஒன்று எழுதினேன், கிழித்தேன். நஜியா அவரோடு பேச்சை விட்டதாக ஒன்று எழுதினேன். அது இரண்டு வரிகூட ஓடவில்லை, அந்தம்மாவால்...

வசந்தத்தில் சோதனைக்குக் கிணற்று நீர் எடுக்க நான் போனபோது ஷாத்லி நஜியாவின் தோட்டத்தில் மிளகாய் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்.

"வரிசையா நடத் தெரியாதா? பாம்பு போன மாதிரி இருக்கு" என்றார் நஜியா.

ஷாத்லி நிமிர்ந்து, கையில் மண்ணோடு, ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன். கேட்டிருந்தால் எழுதித் தொலைத்திருப்பேன். உங்களுக்கு அவசரமில்லை என்றால் கொஞ்சம் நின்று கேளுங்கள்.