ஆபீஸ் போகிற பிள்ளை

"ஃபேன நிறுத்திட்டுப் போ நைனா."

தேசம்மா மகன் பாரத்திடம் கடைசியாகச் சொன்னது இதுதான். காசிமேட்டு மீன் ஏலத்திலிருந்து திரும்பி, வீட்டில் ஒரு டீயைக் குடித்துவிட்டு, கத்தியும் பலகையும் இருந்த கூடையைத் தூக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள். முழங்கால் வலிக்காக ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கிப் போன சத்தம் அவனுக்குக் கேட்டது. கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தவன் பதிலுக்கு 'சரி' என்றானா என்பது எத்தனை யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை.

பாரத்துக்கு முப்பத்தொரு வயது. பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டில், மூன்றாவது மாடியில், ஒற்றை அறையில் அம்மாவோடு இருந்தான். எட்டரை மணிக்குக் கழுத்தில் நீலநிற அடையாள அட்டைக் கயிற்றை மாட்டி, அட்டையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு இறங்குவான். குடியிருப்பைத் தாண்டியதும் அதைக் கழற்றிப் பைக்குள் போடுவான். அடையாறில் அவன் வேலை பார்த்த கம்பெனி ஆட்களைக் குறைத்து மூன்று வருஷமாகிவிட்டது. அவன் போவது கோட்டூர்புரத்து நூலகத்துக்கு. அங்கே உட்கார்ந்து பேங்க் பரீட்சைக்குப் படிப்பான், விண்ணப்பங்கள் அனுப்புவான், பன்னிரண்டரைக்கு வெளியே மரத்தடியில் அம்மா கட்டிக்கொடுத்த சோற்றைத் தின்பான்.

இந்த ஏற்பாடு அவனுடையதல்ல, அம்மாவுடையது.

படித்து முடித்து அவன் சும்மா இருந்த காலத்தில், அம்மாவின் தம்பி மண்ணாங்கட்டி தன் லோடு ஆட்டோவுக்கு அவனைக் கூப்பிட்டார். ஐஸ் பெட்டிகளும் மீனும் ஏற்றுகிற வண்டி. "ரெண்டு பேரா மாத்தி மாத்தி ஓட்டலாம்க்கா" என்றார். லூப் ரோட்டு மீன் மார்க்கெட்டே பார்த்திருக்க, தேசம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "உன்னாட்டம் மீன் தண்ணில ஊறவா அவன இன்ஜினியருக்குப் படிக்க வெச்சேன்? அவன் ஆபீசு போறவன். நீ உன் கண்ணால பாக்கத்தான் போற."

அடுத்த வருஷம் வேலை கிடைத்தபோது தம்பிக்குத்தான் முதலில் லட்டு கொடுத்தாள். ஆதம்பாக்கத்தில் சிநேகிதன் ஹரியோடு அறை எடுத்துத் தங்கப் போகிறான் என்று தெரிந்ததும், அதற்கென ஒரு வாளியும் மக்கும் வாங்கி வைத்தாள். அந்த அறைக்குப் போகும் முன்பே, பதினோராம் மாதம் வேலை போயிற்று. "ஒரு மாசந்தான் நைனா, வேற கெடச்சிடும். அது வரிக்கும் மண்ணாங்கட்டி காதுல வுழ வாணாம்" என்றாள். மறுநாள் காலை அந்த நீலக் கயிற்றை ஆணியிலிருந்து எடுத்து நீட்டியதும் அவள்தான். மீன் வாடை ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று புடவைத் தலைப்பால் பிடித்து நீட்டினாள்.

ஒரு வருஷம் கழித்து, "மாமாவோட வண்டிக்கே போறேம்மா" என்று சொல்லிப் பார்த்தான். தேசம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போன அந்தப் புதன்கிழமை, பத்து மணி வாக்கில், வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். பக்கத்துக் கடை ரத்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பாரத்தின் போன் பையில் இருந்தது. பை நூலக வாசலில், பைகளை வாங்கி வைக்கும் இடத்தில் இருந்தது. பசி எடுத்து வெளியே வந்தபோது பத்தொன்பது அழைப்புகள் தவறியிருந்தன. அவன் போய்ச் சேர்வதற்கு முக்கால் மணி நேரம் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறு நாள் காரியம் வரைக்கும் மண்ணாங்கட்டிதான் எல்லாவற்றையும் ஓடி ஓடிச் செய்தார். ஆனால் அவன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கம் என்று பாரத் நினைத்துக்கொண்டான். காரியம் முடிந்ததும் வண்டிக்கு வருகிறேன் என்று அவரிடம் கேட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தான். இனிமேல் சாப்பிடாமல் கிடக்க யாரும் இல்லை. விடியற்காலையில் எழுந்து, உழைத்து, கூட ஒரு ஆளோடு டீ குடிக்கிற ஒரு நாள் அவனுக்கு வேண்டியிருந்தது.

பதினாறாம் நாள் சாயங்காலம், வந்தவர்கள் போன பிறகு, வாடகை நாற்காலிகளை இருவரும் லோடு ஆட்டோவில் ஏற்றினார்கள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும்."

"நான் ஒண்ணு கேக்கறேன் மொதல்ல." மண்ணாங்கட்டி பீடியைப் பற்றவைத்தார். "அன்னிக்கி உன்ன இட்டுனு வர அடையாறு ஆபீசுக்குப் போனேன்டா."

பாரத் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தான்.

"செக்யூரிட்டி உள்ள போயி கேட்டுகினு வந்தான். ஒரு பொண்ணு வந்து, அவரு போயி மூணு வருசம் ஆவுதே அங்கிள்ன்னுது. இன்னா சொல்றே?"

"ஆமா மாமா."

"மூணு வருசமா கயித்த மாட்டிகினு அக்காவ ஏமாத்திகினு இருந்துக்கீற. அது மார்க்கெட்டு பூரா சொல்லிகினு கெடந்துச்சு, எம்புள்ள கீய நாப்பது பேரு வேல செய்றாங்கன்னு."

'அம்மாவுக்குத் தெரியும்.' இரண்டே வார்த்தைதான். சொல்லியிருந்தால் மாமா நம்பியிருப்பார். அக்காவின் வாயைப் பற்றி அவருக்குத் தெரியாததா? ஆனால் எந்தத் தம்பியின் காதில் விழக் கூடாதென்று அவள் மூன்று வருஷம் பயந்தாளோ, அவரிடமே, அவளுக்குப் படைத்த இலை இன்னும் வீட்டில் இருக்கும்போது, அதைச் சொல்ல வேண்டும்.

"தப்புதான் மாமா" என்றான்.

"தப்பாம்." மண்ணாங்கட்டி புகையை விட்டார். "அங்கேர்ந்து போன் போட்டா, ரத்னா போன அது காதாண்ட வெச்சிகினு கீறா. நான் இன்னா சொல்ல முடியும்? உம்புள்ள இங்க இல்லன்னா? மீட்டிங்குல கீறான்க்கா, தோ கெளம்பிட்டான்னு சொன்னேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணியும் சொல்லல. சிரிச்சுதாம். பெருமை. அப்பறம் தண்ணி கேட்டுச்சாம்."

பாரத் கீழே வைத்த நாற்காலியை எடுத்து, அடுக்கின்மேல் வைத்தான். அது சரியாக உட்காரவில்லை. திருப்பி வைத்தான். தண்ணி கேட்கிற அளவுக்கு அம்மாவுக்குப் பேச்சு இருந்திருக்கிறது. அவன் எங்கே இருக்கிறான் என்பதும் அவளுக்குத் தெரியும். லைப்ரரி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அடையாறிலிருந்து மாமா பத்து நிமிஷத்தில் கோட்டூர்புரம் வந்திருப்பார். தம்பி பொய் சொல்கிறான் என்று தெரிந்தே சிரித்துவிட்டு, தண்ணீர் கேட்டிருக்கிறாள்.

"நீ இன்னாமோ கேக்கணும்ன்ன?"

"வண்டிக்கு வரலாமான்னு..."

மண்ணாங்கட்டி அவனை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் குரல் ஏறவே இல்லை. "அத ஏமாத்துனவன் பக்கத்துல என்னால குந்த முடியாதுடா. எவனாண்டயும் சொல்ல மாட்டேன், பயப்படாத. அது அக்காவுக்கோசரம். உனுக்கில்ல."

வண்டி கிளம்பிப் போயிற்று. நாற்காலிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் தெருமுனை திரும்பும்வரை கேட்டது.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எட்டு மாதமாக மார்க்கெட்டில் ஒருவருக்கும் தெரியாது. பாரத் இரண்டு இடத்துக்கு இன்டர்வியூ போய் வந்தான். சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். சோறு அவனே வடித்துக்கொள்கிறான். மாமா கருவாட்டுப் பொட்டலம் எதையாவது ரத்னாவிடம் கொடுத்தனுப்புவார், தானாக வரமாட்டார். வழியில் லோடு ஆட்டோ எதிரே வந்தால் பாரத் ஒதுங்கி நிற்பான். மண்ணாங்கட்டி சாலையைப் பார்த்தபடி ஓட்டிப் போவார்.

"இன்னா நைனா, ஆபீசா?" என்று காலையில் ரத்னா கேட்கிறாள்.

"ஆமாக்கா" என்று கழுத்து நீலக் கயிற்றைச் சரிசெய்துகொண்டு நடக்கிறான்.

பட்டினப்பாக்கத்து நிறுத்தத்தில், நூலகத்துக்கு அவன் ஏறும் எட்டே முக்கால் பஸ்ஸில் இன்னமும் உட்கார இடம் கிடைப்பதில்லை.