புதனும் வியாழனும் ஆஜர்

மனைவி தவறிப்போன நாளிலிருந்து வயர்லெஸ்ஸின் முகத்தில் எதுவும் தெரிவதில்லை. யார் செத்தாலும் அதே முகம், யார் வீட்டில் பேரன் பிறந்தாலும் அதே முகம். கல்நெஞ்சு என்று நாலு பேர் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாய் இருக்கிறது. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டுக் கன்னத்தைக் கிள்ளினால் எப்படி இருக்குமோ, அப்படி ஆள் முழுக்க மரத்துப்போயிருந்தார், அவ்வளவுதான்.

பட்டாளத்தில் வயர்லெஸ் செட்டுக்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்ததால் வந்த பெயர் அது. இப்போது முன்னாள் படைவீரர் சங்கத்தின் கிளைச் செயலாளர். கிளை என்றதும் பெரிதாக எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். டயர் கடைக்கு மேலே ஓர் அறை, பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, திறந்தால் பூட்டாத, பூட்டினால் திறக்காத ஓர் இரும்பு பீரோ. உறுப்பினர்கள் பத்தொன்பது பேர். அதில் பாதிப்பேரின் முழங்கால் படிக்கட்டைக் கண்டாலே கெஞ்சும். ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, தெருவுக்கு உபயோகமான ஆட்கள். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளை ரோட்டைத் தாண்டி விடுவார்கள். புருஷனை இழந்தவர்களுக்குப் பென்ஷன் மனு எழுதிக் கொடுப்பார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் அந்த அறைக்கு யார் ஏறி வந்தாலும் டீ உண்டு.

கிளைக்கு என்று ஒரு பெருமை இருந்தது என்றால் அது ஆஜர்தான். காலையில் ஆறிலிருந்து ஏழுக்குள் ஒவ்வொருவரும் கிளை போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். இன்றைக்கும் உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். வயர்லெஸ் நோட்டில் டிக் போடுவார். ஏழைத் தாண்டியும் யாரிடமிருந்தாவது வரவில்லை என்றால் பக்கத்தில் இருக்கும் உறுப்பினர் போய்க் கதவைத் தட்டுவார். இப்படித் தட்டப்போய் இரண்டு பேர் பிழைத்திருக்கிறார்கள்.

இதில் பிரேக்குக்கு மட்டும் ஒரு சலுகை. பிரேக் என்கிறவர் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத வண்டியைப் பாடிக்கொண்டே இறக்கினேன் என்பார். கூட உட்கார்ந்து வந்தவர்களோ, பாட்டாவது மண்ணாவது, அது அலறல் என்பார்கள். ரிட்டயர் ஆனபின் எட்டு மணிக்கு முன்னால் கண் திறப்பதில்லை என்று சத்தியமே செய்திருந்தார். அதனால் எதிர்வீட்டில் இருந்த கரண்டி அவருக்கும் சேர்த்து ஆஜர் கொடுத்துவந்தார். கரண்டி மெஸ்ஸில் சமையல்காரராக இருந்தவர். தினம் ஆறேகாலுக்கு அவர் நம்பரிலிருந்து அடுத்தடுத்து இரண்டு மிஸ்டு கால் வரும். முதலாவது அவருக்கு, இரண்டாவது பிரேக்குக்கு.

பட்டாளத்தில் குறட்டை விடுகிறவனுக்காகப் பக்கத்துக் கட்டில்காரன் குரலை மாற்றி 'ஆஜர்' என்று கத்துவான். கத்தாதவன் எல்லாம் ஒரு சிநேகிதனா? வயர்லெஸ்ஸுக்கு விஷயம் தெரியும். தெரிந்தே நாலு வருஷமாக இரண்டு டிக் போட்டார்.

ஒரு வியாழக்கிழமை டீக்குப் பிரேக் வரவில்லை. டீயைத் தவறவிடுகிற ஆளா அவர்? கரண்டி போய்த் தட்டினார், கத்தினார், கடைசியில் நாலு பேர் சேர்ந்து கதவை உடைத்தார்கள். பிரேக் குளியலறைத் தரையில் கிடந்தார். செவ்வாய்க்கிழமை ராத்திரியாக இருக்கலாம், புதன்கிழமையாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். நோட்டில் புதனும் ஆஜர், வியாழனும் ஆஜர்.

"ஜன்னல்ல லைட் எரிஞ்சுதுண்ணே," என்று கரண்டி திரும்பத் திரும்பச் சொன்னார். "அதிசயமா சீக்கிரம் எந்திரிச்சிட்டானேன்னு நெனச்சேன். ரெண்டு நாளும் எரிஞ்சுது. ஒரு எட்டு போய்ப் பாத்திருக்கலாம்ல? எனக்கு என்ன கேடு வந்துச்சு?"

வயர்லெஸ் போலீஸுக்குச் சொன்னார், மலர்வளையத்துக்குச் சொன்னார், பெட்டியின் மேல் சங்கக் கொடியைச் சுருக்கம் இல்லாமல் விரித்தார். எல்லாவற்றையும் யார் வீட்டுக் காரியமோ என்பதுபோலச் செய்தார்.

பத்து நாள் கழித்துப் பிரேக்கின் மகள் கிளைக்கு வந்தாள். வேறு ஊரில் குடும்பம் நடத்துகிறவள். அப்பாவின் சங்க பேட்ஜையும் உறுப்பினர் அட்டையையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அறையில் வயர்லெஸ்ஸும் கரண்டியும் மட்டும்தான். கரண்டி பத்து நாளில் பாதி ஆளாகியிருந்தார். படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம் கேட்டபோதே, "இன்னைக்கு சொல்லிடறேண்ணே. அந்தப் புள்ள கால்ல விழுந்தாவது சொல்லிடறேன். என்னால முடியல," என்று வயர்லெஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவள் உட்கார்ந்தாள். தண்ணீர் வேண்டாம் என்றாள்.

"எங்கூட வந்துடுங்கப்பான்னு எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா பெரியப்பா? கேக்கவே மாட்டாரு. 'தினம் காலைல எங்க ஆளுங்க என்னை எண்ணிப் பாக்கறாங்க, உன் வீட்ல யாரு எண்ணுவா'ம்பாரு."

"அப்படித்தான் பேசுவான்," என்றார் வயர்லெஸ்.

"அந்த நோட்டைக் கொஞ்சம் பாக்கலாமா?"

கொடுத்தார். அவள் பக்கத்தைத் திருப்பி அப்பாவின் வரிசையில் விரலை வைத்தாள். விரல் செவ்வாயில் நின்றது.

"அன்னைக்கு ராத்திரி அப்பா எனக்குப் போன் பண்ணாரு. வீட்ல விருந்தாளிங்க. அப்பாதானே, காலைல பேசிக்கலாம்னு எடுக்காம விட்டுட்டேன். காலைல மறந்தே போச்சு." தலையைத் தூக்கினாள். "புதன்கிழமை அவரு ஆஜர் கொடுத்தாரா பெரியப்பா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும் எனக்கு."

கரண்டி எழுந்துவிட்டார். வாய் திறந்துவிட்டது. வயர்லெஸ் அவர் தோளில் கையை வைத்து அழுத்தி உட்காரவைத்தார்.

உண்மையைச் சொன்னால் கரண்டிக்குப் பாரம் இறங்கும். தனக்கும்கூட இறங்கலாம். இறங்கியது எல்லாம் இந்தப் பெண்ணின் தலையில் போய் ஏறும். தரையில் கிடந்தபடி அப்பா கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை என்று ஆயுசு முழுக்கச் சுமப்பாள். பொய் சொன்னால் அவள் தப்பித்தாள். ஆனால் அதற்குப் பிறகு இந்த இரண்டு கிழவர்களும் யாரிடமும் எப்போதும் வாய் திறக்க முடியாது. வயர்லெஸ் இதை எல்லாம் நிதானமாகவே யோசித்தார். நெஞ்சில் ஏதாவது அசைகிறதா என்றும் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை.

"கொடுத்தாம்மா. ஆறேகாலுக்கு."

"வியாழக்கிழமை?"

"வியாழனும் கொடுத்தான்."

"உங்க காதால கேட்டீங்களா?"

"பின்னே? போன் எங்கிட்டதானே இருக்கு. வியாழக்கிழமை ரெண்டு தடவை அடிச்சுது. கை தவறி மறுபடி அழுத்திட்டான்போல." இந்தக் கடைசி வரியை எதற்குச் சேர்த்தோம் என்று அவருக்கே புரியவில்லை.

"அப்போ செவ்வாய்க்கிழமை சும்மாதான் கூப்பிட்டிருக்காரு."

"சும்மாதான். மகளோட ரெண்டு வார்த்தை பேசலாம்னு இருந்திருக்கும்."

அவள் தலையாட்டினாள். நோட்டை மூடி இரண்டு கையாலும் அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு கைப்பையைத் திறந்து அப்பாவின் போனை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"ஒரு தடவை இல்ல பெரியப்பா. நாலு தடவை கூப்பிட்டிருக்காரு. கால் மணி நேரத்துக்கு ஒண்ணு. அதுக்கப்புறம் இதுலேருந்து ஒரு கால்கூடப் போகல."

கரண்டி இரண்டு கையையும் முகத்தில் பொத்திக்கொண்டார். "நாந்தாம்மா... எல்லாம் நாந்தான்..."

"தெரியும் சித்தப்பா. உங்களுக்கும் சேத்து அப்பாதான் ஆஜர் கொடுக்கறாரான்னு அவருகிட்ட நான் கிண்டல்கூடப் பண்ணியிருக்கேன். 'இல்ல, அவன்தான் எனக்குக் கொடுக்கறான், ராஜா மாதிரி தூங்கறேன்'னு சிரிப்பாரு." அவள் எழுந்து போய்க் கரண்டியின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்த மனிதர் அந்தக் கை பட்டதும் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"தெரிஞ்சும் ஏம்மா கேட்டே?" என்றார் வயர்லெஸ்.

"அண்ணனால காரியத்துக்குக்கூட வர முடியல, நாளைக்குத்தான் வெளிநாட்டுலேருந்து வர்றான். அப்பாகூட கடைசியா எப்போ பேசினேன்னு போன்ல கேட்டான். புதன்கிழமை பேசினேன், நல்லா இருந்தாருன்னு சொல்லிட்டேன். வாயிலேருந்து தானா வந்துடுச்சு. அவன் நேரா வந்து முகத்தைப் பாத்துக் கேப்பான். இங்கயும் வந்து கேப்பான்." அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க என்ன சொல்வீங்கன்னு தெரியணும்ல? அதான் கேட்டுப் பாத்தேன்."

"நாளைக்கும் இதையேதாம்மா சொல்வேன்."

"சொல்வீங்க. கண்ணுகூட சிமிட்டாம சொல்றீங்க." அவள் நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். "எனக்கும் சொல்லிக்கொடுங்க பெரியப்பா. கண்ணாடி முன்னாடி நின்னு பத்து நாளா சொல்லிப் பாக்கறேன். எனக்கு வரவே மாட்டேங்குது."

"புதன்கிழமை பேசினேன்..." என்று வயர்லெஸ் சொல்லிக்காட்ட ஆரம்பித்தார். முடிப்பதற்குள் அவர் கண் இரண்டும் சிமிட்டி நனைந்துவிட்டன.