திருத்தாமல் ஒரு பக்கம்

முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். தப்பைக் கண்டும் காணாததுபோலக் கடந்துபோக அவருக்குத் தெரியாது. மாத்திரை அட்டையில் எழுத்துப்பிழை இருந்தால், வட்டம் போட்டுவிட்டுத்தான் மாத்திரையை விழுங்குவார்.

அந்தக் கை வயலினைப் பிடித்ததில்தான் வம்பு. பழகிய பாட்டென்றால் பிரமாதம். புது இசைக்குறிப்புத் தாளை முன்னால் வைத்தால் நாலாவது சுரத்தில் இடறுவார். உடனே முதலிலிருந்து தொடங்குவார். பாட்டு வாசலைத் தாண்டாது.

தீயணைப்பு நிலைய மாடியில் பயிற்சி செய்யும் இசைக்குழுவில் அவர் மனைவி செல்லோ என்ற பெரிய வயலின் வாசிப்பவள். சனிக்கிழமைதோறும் அவள் அந்தப் பெரிய பெட்டியோடு கிளம்பிவிட, இவர் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குழுவில் ஒரு வயலின் நாற்காலி காலியாக இருந்தது. பார்த்திராத தாளைப் பார்த்ததும் வாசிக்க வேண்டும் என்பதுதான் தேர்வு. இரண்டு முறை கோட்டைவிட்டார். மூன்றாவதுதான் கடைசி என்று குழுத்தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

மனைவி ஒரு பழைய காலண்டர் அட்டையை எடுத்துவந்தாள். அவர் வாசிக்க வாசிக்க, வாசித்த இடத்தை அட்டையால் மூடிக்கொண்டே போனாள்.

"அட, அதுல ஒண்ணு தப்பாயிடுச்சு! அட்டையை எடு!"

"அது செத்துப்போச்சுங்க. அழுதா எந்திரிச்சு வருமா? அடுத்ததைப் பாருங்க."

"மனசு கேக்கலையே."

"மனசு கேக்காட்டி போகட்டும். குழுவே ஓடிக்கிட்டிருக்கும்போது நீங்க மட்டும் செருப்பைத் தேடி வீட்டுக்குத் திரும்புவீங்களா?"

இரண்டு மாதம் இதே பாடு. கை ஒரு கட்டத்தில் இருக்கும்போது கண் அடுத்த கட்டத்துக்குப் போகப் பழகியது.

தேர்வு நாள். தலைவரின் பெயரைவிட அவர் பட்டங்கள் நீளம். முகவரி அட்டையில் பெயர் பின்பக்கத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது. தலைவர் தாளம் காட்டும் கோலை ஓங்கினார். இவர் தொடங்கினார். இரண்டாவது வரியில் ஒரு சுரம் வழுக்கியது. விரல் பின்னால் போகத் துடித்தது. போகவிடவில்லை.

"நிறுத்துங்க!" என்றார் தலைவர்.

வில் நிற்கவில்லை. தலைவர் கோலால் தாள் தாங்கியைத் தட்டினார். காலால் தரையையும் தட்டினார். வில் பக்கத்தின் அடிவரை போய்த்தான் ஓய்ந்தது.

"நிறுத்தச் சொன்னேனே, காதுல விழலையா?"

"விழுந்துச்சு சார். நிறுத்தாம இருக்க இப்பத்தான் வந்திருக்கு. கெடுத்துடாதீங்க."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

"ஏழு தப்பு" என்றார் தலைவர் மிடுக்காக.

"ஒன்பது சார். ரெண்டு உங்களுக்குத் தெரியல."

இம்முறை இருமல் பலனளிக்கவில்லை. அறை முழுக்கச் சிரித்தது. "தேர்வுக்கு வந்தவங்கள்ல இவர் ஒருத்தர்தான் கடைசிவரைக்கும் போனார்" என்றாள் குழுவின் செயலாளர். தலைவர் தொண்டையைக் கனைத்துவிட்டு, கோலாலேயே தூணுக்குப் பின்னாலிருந்த நாற்காலியைக் காட்டினார்.

அவர் போய் உட்கார்ந்து பார்த்தார். அங்கிருந்து தலைவர் தெரியவே மாட்டார். மனைவி நன்றாகத் தெரிந்தாள்.