தாளம்: ஐயப்பன்

ஜுபைல் கேம்ப்பில் ஐயப்பனும் மீராசாவும் ஒரே அறையில் இருந்தவர்கள். ஐயப்பனுக்குச் சாரம் கட்டும் ஸ்கஃபோல்டிங் வேலை. மீராசா அதே கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஒருவன் முதுகுளத்தூர்ப் பக்கம், இன்னொருவன் தொண்டி; ஒரே மாவட்டம்தான், இருந்தாலும் ஊரில் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. மீராசா கட்டிலுக்கடியில் ஒரு சின்னக் கீபோர்டு வைத்திருந்தான். ஐயப்பன் சவூதிக்கு வரும் முன் பரமக்குடியில் ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் பேட் வாசித்தவன். கேம்ப்பில் பேட் ஏது? மீராசா வாசிக்க, இவன் இரும்பு அலமாரியின் கதவில் தட்டுவான். அறையிலிருந்த மற்றவர்கள் முதலில் திட்டினார்கள். பிறகு பாட்டுக் கேட்டு வாங்கினார்கள்.

மீராசாவின் பெரியவாப்பா மகன் குவைத்தில், ஃபஹாஹீலில், மொபைல் உதிரி சாமான் கடை வைத்திருந்தார். அவர் கூப்பிட்டதும் மீராசா கிளம்பிப் போனான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் வாட்ஸ்அப் வீடியோவில் சேர்ந்து வாசித்துப் பார்த்தார்கள். இவன் தட்டுவது அங்கே போய்ச் சேருவதற்குள் அவன் அடுத்த வரிக்குப் போயிருப்பான். அப்படி வாசிக்க முடியாது என்று விட்டுவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் முகம்மது ரிபாய் என்பவரின் குறும்பட வாய்ப்பு வந்தது. ரிபாய் மீராசாவின் கடைக்கு எதிரே சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர். நண்பர்களைச் சேர்த்து ஒரு குறும்படம் எடுத்து முடித்திருந்தார். அதற்கு ஒரு பாட்டு வேண்டும். மெட்டு போட மீராசா ஒப்புக்கொண்டான். தாளத்துக்கு ஐயப்பன்தான் என்று அவனே ரிபாயிடம் சொல்லிவிட்டு, பிறகுதான் ஐயப்பனுக்கு ஃபோன் செய்தான். ஐயப்பனுக்கு அன்று டூட்டியில் கால் தரையில் பாவவில்லை.

மீராசாவிடம் புது ஐபேட் இருந்தது. ஐயப்பன் கேம்ப்பில் லீவுக்குப் போகிற ஒருவரிடமிருந்து பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒன்றை வாங்கினான். இரண்டிலும் ஓடுகிற ஒரு ஆப் வேண்டும். இவன் தாளத்தைப் பதிந்து அனுப்பினால் அவன் அதன்மேல் கீபோர்டை ஏற்றிக்கொள்வான். அந்த வகைக்கு மிடி சீக்வென்சர் என்று பெயர்; தேடினால் ஆப்கள் கணக்கில்லாமல் வந்தன. ஒன்றை எடுத்துப் பார்ப்பதுதான் பாக்கி என்று ஐயப்பன் நினைத்தான்.

முதலில் எடுத்தது ஆரஞ்சு நிறப் படம் போட்ட ஆப். இலவசம். நன்றாகத் தட்டிக்கொண்டு வரும்போது பாதியில் சோப்பு விளம்பரம் வந்து நின்றது. விளம்பரம் போனபின் பார்த்தால் தட்டியது எதுவும் பதிவாகவில்லை. அடுத்தது நீல ஆப். அதில் விளம்பரம் இல்லை. ஆனால் ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது சோதனைக் காலம் முடிந்தது என்று சொல்லி, அதுவரை செய்து வைத்திருந்ததைப் பூட்டிக்கொண்டது. மூன்றாவதில் விரல் பட்டு ஒரு நொடி கழித்துத்தான் ஓசை வந்தது. டேப்லெட்டே மெதுவா இருக்கு என்று மீராசாவிடம் புலம்பினான். புளூடூத் ஹெட்செட்டால்தான் அப்படி என்று பின்னால் கண்டுபிடித்தான். வயர் ஹெட்செட் மாட்டலாமென்றால் டேப்லெட்டில் அதற்குத் துளை இல்லை. பஜாருக்குப் போய் இணைப்பான் வாங்கி வருவதற்குள் ஒரு வெள்ளிக்கிழமை போய்விட்டது. அவனுக்கு இருப்பதே அந்த ஒரு நாள்தான். அதில் துணி துவைக்க வேண்டும், வீட்டுக்குப் பேச வேண்டும், மீதி நேரத்தில் பாட்டு.

கடைசியில் இருவரும் ஒரு சாம்பல் நிற ஆப்பில் வந்து நின்றார்கள். ஐபேடிலும் உண்டு, ஆண்ட்ராய்டிலும் உண்டு. ஐயப்பன் ஒரு வெள்ளி மதியம் முழுக்க உட்கார்ந்து பல்லவிக்கான தாளத்தைப் போட்டு அனுப்பினான். சற்று நேரத்தில் மீராசா அழைத்தான். சிரித்துக்கொண்டே, நீ தாளம் அனுப்பினியா, பியானோவை மாடியிலேருந்து உருட்டி விட்டியா என்று கேட்டான். அவன் பக்கம் எல்லா அடியும் பியானோவாகக் கேட்டிருக்கிறது.

மிடி கோப்பில் ஓசை என்று எதுவும் இருக்காது. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தம் என்ற விவரம் மட்டும்தான் இருக்கும். வாங்கிக்கொள்ளும் ஆப் தன்னிடமுள்ள ஓசையை அதற்குப் போட்டுக்கொள்ளும். ஒரே ஆப்பாக இருந்தும் ஆண்ட்ராய்டில் இருந்த மேளதாள ஓசைகள் ஐபேடில் இல்லை. மீராசா வேறு டிரம் ஓசைகளைப் பொருத்தினான். அப்போது இவன் தபேலா வைத்த இடத்தில் விசில் அடித்தது, மத்தளம் வைத்த இடத்தில் மாட்டு மணி கேட்டது. அந்தக் குழப்பத்தை ஒவ்வொன்றாகச் சரிசெய்ய இன்னும் இரண்டு வெள்ளி போயிற்று.

ஓசைகள் ஒருவழியாகச் சரியான பின்னும் ஐயப்பனுக்குப் பாட்டு பிடிக்கவில்லை. மீராசா கீபோர்டைச் சேர்த்துத் திருப்பி அனுப்பியதைக் கேட்டான். எல்லா அடியும் இருந்தன, எல்லாம் அவன் போட்டவைதான். ஆனாலும் தாளம் நடக்காமல் நின்ற இடத்திலேயே காலை மாற்றிக்கொண்டிருப்பது போலிருந்தது. ஆறு எண்ணிக்கை கொண்ட நடை அது. அதில் மூன்றாவது அடியை அவன் ஒரு மயிரிழை தாமதித்துப் போடுவான். அந்தத் தாமதத்தில்தான் பாட்டு சாய்ந்து நடக்கும். வந்திருந்த கோப்பில் எல்லா அடியும் கட்டத்துக்குக் கட்டம் அளந்து வைத்தது போல் உட்கார்ந்திருந்தன.

ஆப்தான் இழுத்துக் கட்டத்துக்குள் போடுகிறது என்று ஐயப்பனுக்குத் தோன்றியது. தானாகத் திருத்தும் வசதி அதில் இருந்தது உண்மை. அதை அணைத்துவிட்டு மறுபடி பதிந்து அனுப்பினான். திரும்பி வந்தபோது மறுபடி கட்டத்துக்குள். ஐபேடில் திறக்கும்போது ஆப் திருத்திவிடுகிறது என்று நினைத்து, வேற ஆப் பாப்போம் என்றான். இது நல்லாத்தானே இருக்கு என்றான் மீராசா. எது சரியில்லை என்று அவன் கேட்டான். உயிர் இல்ல மாப்ள என்று மட்டும் ஐயப்பன் சொன்னான். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு மீராசா என்ன செய்வான்? ஆனாலும் இவனுக்காக இன்னொரு ஆப்பை இறக்கினான், அதற்குப் பிறகு இன்னொன்றை. ஒவ்வொன்றிலும் ஐயப்பன் முதலிலிருந்து தட்டினான். ஒவ்வொன்றும் அதே மாதிரி செத்துத் திரும்பி வந்தது. அறையில் இருந்த ராமையா அண்ணன், அவனைவிட மூத்தவர், டேப்லெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழையபடி அலமாரியையே தட்டச் சொன்னார்.

ரிபாய் படத்தைத் திரையிட நாள் குறித்துவிட்டார். மீராசா கடையிலிருந்தே அழைத்தான். பின்னால் யாரோ மொபைல் கவர் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மாப்ள, இனி புது ஆப் எல்லாம் வேணாம். இருக்கறதை வச்சு முடிப்போம். கலாஸ், அவ்வளவுதான்."

"இன்னும் ஒரு வெள்ளி குடு. நான் வேற ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்."

"நீ பாத்துக்கிட்டேதான இருக்க. பாட்டு எங்க?"

ஐயப்பனுக்கு அது சுருக்கென்றது. அந்த வாரம் ப்ளாண்ட்டை நிறுத்திப் பராமரிப்பு பார்க்கும் ஷட்டவுன் தொடங்கியது. வெள்ளிக்கிழமையும் டூட்டி போட்டார்கள். அவனால் எதுவும் அனுப்ப முடியவில்லை. மீராசாவும் கேட்கவில்லை.

ஷட்டவுன் முடிந்து கேம்ப்புக்கு வந்த ஒரு மதியம், மெஸ்ஸில் ராமையா அண்ணன் தன் மொபைலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். சுற்றி ஏழெட்டுப் பேர். ஐயப்பனைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். ரிபாயின் படம் யூட்யூபில் வந்திருந்தது. பாட்டு முடிந்து எழுத்துகள் ஓடின. 'இசை: மீராசா' என்று வந்தது. அதற்குக் கீழே 'தாளம்: ஐயப்பன்' என்று வந்தது. அண்ணன் அந்த இடத்தில் நிறுத்தி எல்லோருக்கும் காட்டினார். நேபாளி ஃபோர்மன் ஒருவர், "அச்சா பஜாயா பாய்" என்று இந்தியில் வாசிப்பைப் பாராட்டித் தோளில் தட்டினார்.

ஐயப்பன் பாட்டை முதலிலிருந்து போடச் சொன்னான். தாளம் தொடங்கிய உடனே அவனுக்குப் புரிந்துவிட்டது. அது அவன் போட்டதே இல்லை. ஐபேடில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஏதோ ஒரு தாளத்தை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டிருந்தான் மீராசா. ஆறு எண்ணிக்கை நடையை நான்காக மாற்றி, மெட்டையும் அதற்கேற்ப இறுக்கியிருந்தான். ஐயப்பன் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு நின்றான். பெயர் போடாமல் விட்டிருந்தால் கோபப்பட்டிருப்பான், ஆனாலும் சாப்பிட்டிருப்பான். இப்போது எல்லோரும் பாராட்டுகிறார்கள். இல்லை என்று எப்படிச் சொல்வது? அண்ணன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை மேசையில் வைத்தான்.

அறைக்கு வந்து மீராசாவை அழைத்தான்.

"என் பேரை எடுத்துரு."

மீராசா முதலில் வேடிக்கை என்று நினைத்தான். பிறகு குரல் தணிந்தது. "உன் பேரைப் போடாம எப்படி மாப்ள விடுறது? எத்தனை வெள்ளி நீ உக்காந்து ஒழைச்ச."

"ஒழைச்சது அதுல எங்க இருக்கு? எவனோ வாசிச்சது என் பேர்ல கேக்குது."

"கேக்குறவங்களுக்கு அது தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுதுல்ல," என்று சொல்லி ஐயப்பன் அழைப்பைத் துண்டித்தான்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஐயப்பன் டேப்லெட்டில் இருந்த எல்லா ஆப்பையும் அழித்தான். அழித்ததில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. ஆனால் மீராசாவின் பழைய மெட்டு, இறுக்காத மெட்டு, டூட்டியில் குழாய்களுக்கு இடையில் தொங்கிக்கொண்டிருக்கும்போதெல்லாம் தலைக்குள் ஓடியது.

ஒரு வெள்ளியன்று மறுபடி தேட ஆரம்பித்தான். இந்த முறை ஐபேடில் உண்டா என்று பார்க்கவில்லை. யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. பார்க்கச் சகிக்காத ஒரு சின்ன ஆப் கிடைத்தது. ஓசைகள் குறைவு, எழுத்துகள் பொடிப்பொடியாக, பொத்தான்கள் எல்லாம் ஒரே நிறத்தில். ஆண்ட்ராய்டில் மட்டும்தான் ஓடும் என்பதால் முன்பு திறந்தே பார்க்காமல் தள்ளிவிட்டிருந்த ஆப். அதில் தட்டினால் தட்டிய இடத்திலேயே அடி நின்றது. எந்தத் திருத்தமும் இல்லை. வயர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, மீராசா முதன்முதலில் அனுப்பியிருந்த மெட்டைப் பக்கத்தில் ஓடவிட்டு, பல்லவியிலிருந்து கடைசிச் சரணம்வரை தட்டினான். இடையில் இரண்டு இடத்தில் தடுமாறியது. அதைத் திருத்தப் போனால் மறுபடி பாட்டைப் பாதியிலேயே விட்டுவிடுவோம் என்று பயந்து அப்படியே வைத்துக்கொண்டான். மிடியாக இல்லாமல் ஓசையாகவே பதிந்து, ஒரு வார்த்தையும் எழுதாமல் மீராசாவுக்கு அனுப்பினான். அனுப்பிய உடனே ஏன் அனுப்பினோம் என்று இருந்தது.

மறுநாள் டூட்டி முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது மீராசா அழைத்தான். நலம் விசாரிக்கவில்லை.

"அந்த மூணாவது அடி லேட்டா விழுதே. அது வேணும்னேதான் போடுறியா?"

"ஆமா."

"நான் உன் டேப்லெட் மெதுவா இருக்குன்னுல்ல நெனச்சேன். நீதான ஆரம்பத்துல சொன்ன. வர்ற ஒவ்வொரு தடவையும் நானே உக்காந்து ஒவ்வொரு அடியா இழுத்துச் சரி பண்ணி வச்சேன் மாப்ள. உனக்கு ஒதவியா இருக்கட்டும்னு."

ஆப்பை மாற்றி மாற்றித் தொலைத்த வெள்ளிக்கிழமைகள் எல்லாம் ஐயப்பனின் கண்முன் வந்தன. எந்த ஆப்பும் எதையும் செய்யவில்லை. அங்கே ஒருவன் கடை அடைத்த பிறகு உட்கார்ந்து, நண்பனுக்கு உதவுவதாக நினைத்து, ஒவ்வொரு அடியாகக் கொன்றிருக்கிறான். கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் மூன்றாவது அடி தாமதமாக விழ வேண்டும் என்று தானும் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை. அது கேட்டாலே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தான். ஜன்னல் பக்கம் திரும்பி, "நீ அதை எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல," என்று மட்டும் சொன்னான். கேட்டிருக்கலாம் என்று மீராசா ஒப்புக்கொண்டான்.

பாட்டை மாற்றித் தரும்படி மீராசா ரிபாயிடம் கேட்டுப் பார்த்தான். படம் வெளிவந்துவிட்டது, இனி தொட முடியாது என்று ரிபாய் சொல்லிவிட்டார். வேண்டுமானால் அது ஐயப்பனின் தாளம் இல்லையென வீடியோவுக்குக் கீழே விளக்கத்தில் எழுதுகிறேன் என்றார். எழுதவும் செய்தார். அதை யாரும் திறந்து படிக்கவில்லை. ஐயப்பன் ராமையா அண்ணனிடம் நடந்ததைச் சொன்னான். அண்ணன் முழுக்கக் கேட்டுவிட்டு, எது எப்படியோ பாட்டு நல்லாத்தானே இருக்கு என்றார். புதிதாக அறைக்கு வந்த ஒருவரிடம் அதே வீடியோவைக் காட்டி, இவன் போட்ட தாளம் என்று அறிமுகமும் செய்துவைத்தார். ஐயப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலில் ஏறிப் படுத்தான்.

இப்போது இருவரும் வேறொரு பாட்டைச் செய்துகொண்டிருக்கிறார்கள். யாரும் கேட்டு அல்ல. அவரவருக்குப் பிடித்த ஆப்பில் அவரவர் செய்து, ஓசையாகவே அனுப்பிக்கொள்கிறார்கள். மிடி போல் அது இலேசான கோப்பு இல்லை. கேம்ப் வைஃபையில் பாதி ஏறும்போது நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். போன வெள்ளியும் அப்படித்தான் நின்றது. ஐயப்பன் டேப்லெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் இடம் தேடி அந்த வெயிலில் கேம்ப்பின் பின்பக்கச் சுவர் ஓரமாக நடந்தான். என்ன ஆச்சு என்று மீராசாவிடமிருந்து மெசேஜ் வந்தது. வந்துகிட்டே இருக்கு, பொறு என்று பதில் அனுப்பிவிட்டு, கோப்பு ஏறுவதைக் காட்டியபடி நகராமல் நின்ற அந்தக் கோட்டைத் திட்டிக்கொண்டே சுவரின் கடைசிவரை போனான்.