வடைச்சட்டியில் ஓர் எஃகு அச்சு

ஆயுத பூஜையன்று மதியம் மூன்றரை மணி. பட்டறை முழுக்கச் சந்தனமும் கதம்பமும் மணத்துக்கொண்டிருக்க, இலக்கியா மட்டும் பட்டுப்புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு பெரிய ஃபேனுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். காற்று அவளுக்கல்ல. கம்பி வலை மேல் ஆறிக்கொண்டிருந்த இரண்டு எஃகுக் கட்டிகளுக்கு.

அவை ஓர் அச்சின் மேல் பாதியும் கீழ் பாதியும். பட்டறையில் அதற்கு 'டை' என்று பெயர். ஆயிரத்து நூறு டிகிரியில் பழுத்த இரும்புத் துண்டை இரண்டுக்கும் நடுவில் வைத்து ஹாமர் என்ற சுத்தியல் இயந்திரம் இறங்கினால், லாரியின் ஸ்பிரிங் பட்டையைப் பிடித்துக்கொள்ளும் சேக்கிள் ஒன்று உருவாகி வரும். திருச்செங்கோடு சாலையில் இருக்கும் அந்தப் பட்டறைக்கு இதுவரை அச்சுகள் வெளியிலிருந்துதான் வந்தன. வந்த வேகத்தில் விரிசலும் விட்டன.

எட்டு மாதத்துக்கு முன்னால் நந்தகுமாரைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவள் இலக்கியா. அதற்கு முன் ஐந்து வருடம் சேலத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் எஃகைச் சோதிக்கும் வேலை. வந்த மூன்றாம் மாதமே மாமியாரிடம் சொல்லிவிட்டாள், "அத்தை, டையை நாமே பண்ணலாங்க" என்று.

பட்டறையை நடத்துகிற பழனியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பண்ணு அம்மிணி. மொத டை நின்னுச்சுன்னா அந்தப் பக்கத்து ஷெட்டு உன்றது. வெடிச்சுதுன்னா ஆபீஸ் ரூம்ல உக்காந்து போன் எடுத்துட்டு இருக்கோணும். சரியா?"

"சரிங்க அத்தை" என்றாள் இலக்கியா, கொஞ்சமும் யோசிக்காமல்.

எச்-13 என்ற எஃகை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். மேஸ்திரி சண்முகவேல் அந்தக் கட்டியைத் தட்டிப் பார்த்து, "இதென்னங்க அவ்வளவு ஒசத்தி?" என்று கேட்டபோது பொறுமையாகச் சொன்னாள்.

"சூடான இரும்பையே நாள் முழுக்கத் தொட்டுட்டு இருக்கிற டை இது. சாதா இரும்பு அந்தச் சூட்டுல இளகிப் போயிரும். இதுல குரோமியம், மாலிப்டினம், வனேடியம்னு சேர்த்திருக்காங்க. அறுநூறு டிகிரியிலயும் விறைப்பா நிக்கும்."

"என்ன சூடு பட்டாலும் எறங்கி வராதுன்னு சொல்லுங்க. எங்க ஊட்டம்மா மாதிரி."

அன்று காலை ஆறு மணிக்கே உலையை முடுக்கியிருந்தாள். ஒரேயடியாகச் சூடேற்றினால் எஃகு கோணிக்கொள்ளும். அறுநூற்றைம்பதில் ஒரு நிறுத்தம், எண்ணூற்றைம்பதில் இன்னொரு நிறுத்தம், பிறகுதான் ஆயிரத்து இருபது. அங்கிருந்து எடுத்துக் காற்றில் ஆறவிட வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் ஆறிவிடும், நாலரை மணி பூஜைக்குள் டெம்பரிங் என்ற மறுசூட்டின் முதல் சுற்றையும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். ஊரே சீரியல் பல்பு போட்டதில் டிரான்ஸ்பார்மர் படுத்துக்கொள்ளும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. கரண்ட் வர நாலு மணி நேரம் ஆயிற்று.

ஆக, பழனியம்மாள் மணியடித்துக் கற்பூரம் காட்டியபோதுதான் கட்டிகள் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்திருந்தன. மெயின் சுவிட்சை அணைத்து அதன் கழுத்தில் மாலை போட்டாயிற்று. சுத்தியல், குறடு, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். தூரத்திலிருந்தே சூட்டை அளக்கும் இலக்கியாவின் துப்பாக்கியும் வாழையிலையில் பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருந்தது. இனி நாளைக் காலை விஜயதசமி வரைக்கும் எந்தக் கருவியையும் தொடக் கூடாது.

நந்தகுமார் பொரிப் பொட்டலத்தோடு அவளருகே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அம்மா ஊட்டுக்குள்ள போகட்டும். நான் சத்தமில்லாம உலையைப் போட்டு விட்டுடறேன். யாருக்குந் தெரியாது."

"வேண்டாங்க."

"நாளைக்கு வரைக்கும் தாங்குமா?"

"தாங்காது. ஆறின எஃகு இப்போ கண்ணாடி மாதிரி. அவ்வளவு கெட்டி, உள்ளே அவ்வளவு இறுக்கம். உடனே மறுபடி சூடு காட்டி அந்த இறுக்கத்தைத் தளர்த்தணும். இல்லைன்னா சும்மா கிடக்கிற இடத்திலயே டப்புனு பிளந்துக்கும்."

"அப்புறம் ஏன் வேண்டாங்கற?"

அவள் மாமனாரைப் பார்த்தாள். காளியண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். வலது கையில் மூன்று விரல்கள்தான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே பூஜை நாள் சாயங்காலம், அவசர ஆர்டர் என்று மாலையைக் கழற்றிவிட்டு ஹாமரை ஓட்டினார். ஆட்கள் இல்லை, துணைக்கு ஒருத்தருமில்லை. அன்றிலிருந்துதான் பட்டறை பழனியம்மாள் கைக்கு வந்தது.

"அத்தை அந்த மாலையைச் சும்மா போடலைங்க. அதைத் திருட்டுத்தனமாக் கழற்றி நான் ஒரு ஷெட் சம்பாதிக்கணுமா?" என்றாள் இலக்கியா. "நேராப் போய்ச் சொல்றேன்."

நந்தகுமார் பொட்டலத்தைப் பிரித்தான். கையிலிருந்த பொரியை அவள் உள்ளங்கையில் கொட்டினான். "சாப்பிட்டுட்டுப் போ. காலையில இருந்து பட்டினி."

பழனியம்மாள் வீட்டின் பின்கட்டில், பெரிய இரும்பு வடைச்சட்டியின் முன்னால் நின்றிருந்தார். ஆட்களுக்கான கடைசி ஈடு அப்போதுதான் வெந்து வெளியே வந்திருந்தது. இலக்கியா ஒன்றையும் மறைக்கவில்லை. உலை போட வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

"டை பிளந்தா பிளக்கட்டுங்க அத்தை. நான் ஆபீஸ் ரூமுக்குப் போறேன். ஆனா எஃகு மேல தப்பில்லை, என் நேரக் கணக்குத்தான் தப்பு. அதை மட்டும் நீங்க தெரிஞ்சுக்கணும்."

பழனியம்மாள் ஜல்லிக்கரண்டியை ஓரமாக வைத்தார். "அந்த உலையில எவ்வளவு சூடு வெப்பே?"

"ஐந்நூத்து எண்பதுங்க."

"அத்தனையும் இன்னிக்கே வேணுமா?"

இலக்கியா ஒரு கணம் தடுமாறினாள். அந்தக் கேள்வியை அவள்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். "இல்லைங்க. நூத்தி எண்பதுல ரெண்டு மணி நேரம் வெச்சா நாளைக்கு வரைக்கும் வெடிக்காம நிக்கும். முழு டெம்பரை அப்புறம் பண்ணிக்கலாம்."

"சித்திரையில ஒருநா உன்ற துப்பாக்கியை என்ற எண்ணெச் சட்டியில நீட்டுனியே. நான்கூடத் திட்டுனனே. எவ்வளவு காட்டுச்சு?"

இலக்கியாவின் கண் விரிந்தது. "நூத்தி எழுபத்தெட்டு..."

"அடுப்புக்கு எந்த ஊர்ல லீவு உடறாங்க?" பழனியம்மாள் புடவையை இழுத்துச் செருகினார். "ஏண்டா நந்தா! அந்த ரெண்டையும் துணியில புடிச்சுத் தூக்கிட்டு வா. ஒரு சொட்டுத் தண்ணி இருக்கக் கூடாது, எண்ணெ மூஞ்சியில தெறிக்கும்!"

முதலில் அடுப்பை அணைத்து எண்ணெயைக் கொஞ்சம் ஆறவிட்டார்கள். பிறகு நந்தகுமாரும் சண்முகவேலும் கம்பியில் கட்டி, கட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். எண்ணெய் விளிம்புவரை ஏறி நின்றது. இலக்கியா தீயை மெல்லக் கூட்டினாள். துப்பாக்கிதான் வாழையிலையில் கிடந்ததே, சூட்டை யார் சொல்வது? பழனியம்மாள் கிண்ணத்தோடு நின்றார். பத்து நிமிடத்துக்கொரு தரம் ஒரு துளி மாவு.

"அடியிலயே குந்திட்டு இருந்தாச் சூடு பத்தல. தொட்டதும் எந்திரிச்சு வரோணும். விழுந்ததும் கருகுனா தீயைக் கொறை."

மாவு எழுந்து வந்தது. இரண்டு மணி நேரமும், மாமியாரும் மருமகளும் மாறி மாறித் தீயைப் பார்த்தார்கள்.

"நாப்பது வருசமா இரும்பு வாசம். இப்பத்தான் அதுல உளுந்து வாசம் வருது" என்றார் வாசலிலிருந்து காளியண்ணன். "வடை டை!"

மறுநாள் காலை ஆறரைக்கு, கற்பூரம் காட்டி முடிந்ததும், இலக்கியா அச்சின் மேல் சிவப்புத் திரவத்தைத் தெளித்துத் துடைத்தாள். பிறகு வெள்ளைப் பொடியை ஊதினாள். மயிரிழை விரிசல் இருந்தாலும் அதில் புகுந்த சிவப்பு வெள்ளையில் கோடாகக் கசியும். பத்து நிமிடம் காத்திருந்தார்கள். சண்முகவேல் டார்ச் அடித்தார். பழனியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"ஒண்ணுந் தெரியலியே அம்மிணி?"

"ஒண்ணும் தெரியக் கூடாதுங்க அத்தை."

பழனியம்மாள் நிமிர்ந்தார். எல்லா வருடமும் விஜயதசமிக்கு முதல் சுவிட்ச் அவர் கைதான். போய் மாலையைக் கழற்றி மகன் கையில் கொடுத்தார். சுவிட்சைத் தொடாமல் ஓர் அடி ஒதுங்கி, மருமகளைப் பார்த்தார்.

"போடு சாமி. இன்னும் எத்தனை தரம் சூடு காட்டோணும்?"

"மூணு தரங்க. அப்புறம் ஹாமர்ல ஏத்தறதுக்கு முன்னாடி டையை இருநூறு டிகிரிக்குச் சூடு பண்ணிக்கணும். அடிக்கிறப்போ மேல தண்ணி ஊத்தவே கூடாது."

"கேட்டுக்கிட்டியா சண்முகவேலு? அந்தத் தண்ணி வாளியை எடுத்து அக்கட்ட வை. இனிமே ஷெட்டுக்காரி சொல்றதுதான்."

இலக்கியா சுவிட்சை மேலே தள்ளினாள். உலை உறுமியது.